டொயோட்டா 86, ஒரிஜினல் 17 அங்குல ரிம்: அடுத்த செட் டயர் எது? தினசரி ஓட்டம், இடையில் செப்பாங்

#1 கிள்ளான்86

காடி: டொயோட்டா 86, 2013, மேனுவல். ரிம் கம்பெனி ரிம்தான், 17×7 (விட்டம் 17, அகலம் 7 அங்குலம்), ஆஃப்செட் +48 (ரிம்மோட நடுக்கோட்டுக்கும் அது ஹப்ல உட்கார்ற முகத்துக்கும் நடுவுல உள்ள தூரம், மி.மீ.ல). டயர் 215/45 ஆர்17 87டபிள்யூ, மிஷலின் பிரைமசி எச்பி. பின்னாடி ரெண்டுலயும் 2 மி.மீ. பூதான் (டயர் மேல உள்ள வெட்டோட ஆழம்) மிச்சம், முன்னாடி 3.5 மி.மீ. நாலு டயர்லயும் டாட் குறி 3117.

ஓட்டம்: தினமும் பெடரல் ஹைவே, மாசத்துக்கு ஒரு தடவை காராக் ஹைவே, கெந்திங் ஏற்றம். வருஷத்துல ரெண்டு மூனு டிராக் டே, செப்பாங் ரேஸ் டிராக்ல.

தெரிஞ்சுக்க வேண்டியது: பின்னாடி ரெண்டை மட்டும் மாத்தினா போதுமா? 225 அகலம் இந்த ரிம்ல உட்காருமா, இல்ல 18 அங்குல ஸ்போர்ட் ரிம்முக்கே போயிடலாமா? 200 டிரெட்வேர் (தேய்மானக் குறி எண்) டயரை தினசரி ஓட்டத்துக்கும் வெச்சுக்கலாமா?

#2 மழைத்தார்

முதல் கேள்விக்கு மட்டும் இப்ப பதில்: நாலையும் மாத்துங்க.

3117ன்னா 2017ஆம் வருஷம் 31ஆவது வாரம். முன் டயர்ல பூ இருக்கலாம், ரப்பர் காய்ஞ்சு இறுகியிருக்கும். நம்ம வெயில்ல வெளியில நிக்கிற காடின்னா இன்னும் மோசம். அஞ்சு வருஷத்துக்கு மேல போனா வருஷா வருஷம் கழட்டிப் பார்க்கச் சொல்றதும், எவ்வளவு பூ இருந்தாலும் பத்தாவது வருஷத்துல தூக்கிப் போடச் சொல்றதும் மிஷலினோட சொந்த ஆலோசனை. ஸ்போர்ட் காடிக்கு அந்தப் பத்து ரொம்ப தாராளம்.

என்ன காரணத்துக்காகவோ ரெண்டுதான் வாங்க முடியும்னா புதுசு பின்னாடி போகணும். பழசைப் பின்னாடி விட்டுட்டு புதுசை முன்னாடி போட்டா ஸ்டியரிங் கூர்மையா இருக்கிற மாதிரி தெரியும். மழையில வளைவு நடுவுல ஆக்சிலரேட்டரை விட்டதும் எடை முன்னாடி சாயும், பின் டயர் தண்ணிய வெட்ட முடியாம மிதக்கும், வால் சுத்திடும். 86 பின்சக்கர இழுவை, அதுவும் டார்சன் டிஃபரன்ஷியல் (ஒரு பின் சக்கரம் மட்டும் தனியா வழுக்கிச் சுத்தாமத் தடுக்கிற பல்சக்கர அமைப்பு) வெச்சது. ஈர ரோட்டுல பின்பக்கம் விட்டுச்சுன்னா ரெண்டு சக்கரமும் சேர்ந்தே விடும்.

அதே டிஃபரன்ஷியலுக்காக இன்னொன்னு: ஒரே அச்சுல இடது வலது டயர் ஒரே மாடலா, ஒரே தேய்மானத்துல இருக்கணும். பஞ்சராகி ஒரு பின் டயரை மட்டும் புதுசா மாத்தினா ரெண்டோட சுற்றளவும் ஒத்து வராது. நேர் ரோட்டுல போறப்பவே டிஃபரன்ஷியல் ஓயாம வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்.

சட்டத்துக்கு 1.6 மி.மீ. போதும். மழைக்குப் போதாது. 3 மி.மீ.க்குக் கீழ போனாலே தண்ணி தள்ளுற திறன் சரசரன்னு இறங்கும். உங்க பின் டயர் 2ல இருக்கு. இந்தப் பதிலைப் படிச்ச கையோட காராக் பக்கம் போகாதீங்க.

#3 அளவுநாடா

அளவுக் கேள்விக்கு வர்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தா பாதி குழப்பம் போயிடும்.

215/45 ஆர்17ன்னா பக்கச்சுவர் உயரம் 215ல 45 சதவீதம், 96.75 மி.மீ. ரெண்டு பக்கம் சேர்த்து 193.5. ரிம் 17 அங்குலம், 431.8 மி.மீ. மொத்த விட்டம் 625.3 மி.மீ. இதுதான் அடிப்படை. மத்ததெல்லாம் இதுல இருந்து எவ்வளவு விலகுதுன்னு பாருங்க.

225/45 ஆர்17: 634.3 மி.மீ., 1.4 சதவீதம் பெருசு.
245/40 ஆர்17: 627.8, 0.4 சதவீதம்.
215/40 ஆர்18: 629.2, 0.6 சதவீதம். ஜிஆர்86 (86க்கு அடுத்த தலைமுறை) 18 அங்குலத்துல வர்ற அளவு.
225/40 ஆர்18: 637.2, 1.9 சதவீதம்.
235/40 ஆர்18: 645.2, 3.2 சதவீதம். இதை விட்டுடுங்க. கியர் நீளமாகும், மீட்டர் குறைச்சுக் காட்டும், பென்டர் (சக்கரத்துக்கு மேல உள்ள மட்கார்டு) உள்ளே இடமும் குறையும்.

இப்ப 225 விஷயம். 225/45 ஆர்17க்கு ஒத்துக்கொள்ளப்பட்ட ரிம் அகலம் 7லிருந்து 8.5 அங்குலம் வரைக்கும். அதனால உங்க 7ல உட்காரும், தப்பில்ல. ஆனா அந்த 225ங்கிற அகலத்தை அளக்கிறது 7.5 அங்குல ரிம்ல. ரிம் அரை அங்குலம் குறைஞ்சா டயர் அகலம் சுமார் 5 மி.மீ. குறையும். 215/45 ஆர்17ஐ அளக்கிறதே 7 அங்குலத்துல. ஆக உங்க ரிம்ல நிஜமா கிடைக்கிற கூடுதல் அகலம் 10 மி.மீ. இல்ல, ஏறக்குறைய பாதி. பதிலுக்கு என்ன போகுது? பக்கச்சுவர் உப்பலா நிக்கும், ஸ்டியரிங் திருப்பினதுக்கும் மூக்கு திரும்பறதுக்கும் நடுவுல ஒரு சின்ன தயக்கம் வரும், டயர் எடையும் கொஞ்சம் ஏறும்.

என் கணக்குல ஒரிஜினல் 7 அங்குல ரிம்முக்கு 215தான் சரி. 225 வேணும்னா ரிம் 7.5 அல்லது 8 ஆகட்டும்.

#4 பென்டர்வரை

ஏன் இப்படிக் கஞ்சத்தனம்? 86 ஓட்டுறவங்க பாதிப் பேரு 17×9ல 245/40 போட்டுத்தான் ஓட்டுறாங்க. அகலம் கூடினா பிடிமானம் கூடும், அவ்வளவுதானே. ரிம்மையும் சேர்த்து வாங்குங்க தம்பி, ஒரே செலவா முடிஞ்சிடும்.

#5 அளவுநாடா

@பென்டர்வரை, போடலாம், யாரும் வேணாம்னு சொல்லல. என்னென்ன கூட வரும்னும் சேர்த்துச் சொல்லணும்.

17×7 +48ல இருந்து 17×9 +42க்குப் போனா ரிம் 50.8 மி.மீ. அகலமாகுது, ஒவ்வொரு பக்கமும் 25.4. ஆஃப்செட் 6 குறையுது, அதனால வெளிப்பக்கம் 31.4 மி.மீ. நீட்டும், உள்பக்கம் ஸ்ட்ரட்டை (சஸ்பென்ஷன் தூணை) நோக்கி 19.4 மி.மீ. போகும். முன்னாடி கேம்பர் (சக்கரம் சாயுற கோணம், மைனஸ்னா மேல்பக்கம் உள்ள சாயும்) ஏறக்குறைய -2 டிகிரி வெச்சாத்தான் பென்டர்ல உரசாம திரும்பும். வண்டியை இறக்கியிருந்தா இன்னும் சிக்கல். டயர் பென்டருக்கு வெளிய தெரிஞ்சா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) நிறுத்துவான், அதுவும் ஒரு செலவு.

17×8 +45 கொஞ்சம் அமைதியான வழி. வெளிய 15.7, உள்ள 9.7 மி.மீ. 225/45 அழகா உட்காரும், பெரும்பாலும் எந்த வேலையும் இல்லாம.

அகலத்தால பிடிமானம் கூடும்ங்கிறது காய்ஞ்ச ரோட்டுக்கு ஓரளவு சரி. நிக்கிற தண்ணியில தலைகீழ். டயர் அகலமாக ஆக, அதே நேரத்துல நிறைய தண்ணிய வெளிய தள்ளியாகணும். 1,250 கிலோ சொச்சம் எடை உள்ள காடி இது, 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 245ஐ நிரப்ப அந்த இன்ஜினுக்கு மூச்சு பத்தாது.

#6 ஈப்போ_போர்மன்

ரிம் மாத்துறவங்க எல்லாரும் இதைப் படிச்சிட்டு மேல போங்க.

இந்தக் காடிய உண்மையில கட்டினது சுபாரு. வீல் நட் எம்12×1.25. மத்த டொயோட்டா காடிகள்ல பெரும்பாலும் எம்12×1.5. கடைப் பையன் பெட்டியில இருக்கிற டொயோட்டா நட்டை எடுத்து ஏர் கன்ல அடிச்சான்னா ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் இறுகும், இறுகிச்சுன்னு விட்டுடுவான். போல்ட் மரை போயிருக்கும். புது நட் வாங்கினா 1.25தானான்னு கேட்டு, முதல் அஞ்சாறு சுத்து கையாலயே ஏத்துங்க. கையால ஏறலன்னா அது தப்பு நட்.

போல்ட் வட்டம் 5×100, நடு ஓட்டை 56.1. வெளி ரிம்கள்ல நடு ஓட்டை 73.1 மாதிரி பெருசா இருக்கும், நடுவுல வளையம் போடணும். அது இல்லாம 90-100 கி.மீ. வேகத்துல ஸ்டியரிங் நடுங்கினா பேலன்சிங்கைத் திட்டிப் புண்ணியமில்ல.

இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர். நட்சத்திர வரிசையில, டார்க் ரென்ச்சால, சக்கரம் தரையில லேசா தொட்டிருக்கும்போது. 50லிருந்து 100 கி.மீ. ஓடினதும் திரும்ப ஒரு தடவை.

#7 கிள்ளான்86

நன்றி அண்ணே. ரிம் மாத்தல, 17×7லயே இருக்கட்டும். 215/45 ஆர்17 முடிவு. அப்ப மாடல்? கடையில 91ஒய் எக்ஸ்எல்னு (கூடுதல் சுமை தாங்குற வகை) காட்டுறாங்க. ஒரிஜினல் 87டபிள்யூ. கூட்டிப் போடலாமா? எக்ஸ்எல் கடினமா இருக்காதா?

#8 மழைத்தார்

கூட்டிப் போடலாம், குறைக்கக் கூடாது. 87ன்னா ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 91ன்னா 615. டபிள்யூ 270 கி.மீ. வேகம், ஒய் 300. நம்ம ஹைவேல 110தான். ஆனா வேகக் குறி உசந்த டயர்ல உள்கட்டு இறுக்கமா இருக்கும், அது வளைவுல தெரியும்.

எக்ஸ்எல்ல ஒரு நுணுக்கம் இருக்கு. அதோட முழு சுமையைத் தாங்க 290 கிலோபாஸ்கல் காத்துக்கு வடிவமைச்சது. சாதாரண டயருக்கு அது 250. அந்த 250ஐ மட்டும் அடிச்சா எக்ஸ்எல் தன்னோட முழு சுமையைத் தாங்காது. 86 இவ்வளவு லேசான காடிங்கிறதால அது பிரச்சனையே இல்ல. கதவுச் சட்டத்துல ஒட்டியிருக்கிற தாள்ல உள்ள அளவு, 240 கிலோபாஸ்கல், அதாவது 35 பிஎஸ்ஐ, அதுலயே ஆரம்பிங்க. கடினமா தெரியுதேன்னு 30க்கு இறக்கிடாதீங்க. ஏன்னா:

டயர் எந்த வேகத்துல தண்ணி மேல மிதக்கும்ங்கிறதுக்கு நாசா 1960கள்ல விமான டயரை வெச்சுக் கண்டுபிடிச்ச ஒரு எளிய கணக்கு உண்டு. பிஎஸ்ஐல உள்ள காத்தழுத்தத்தோட வர்க்கமூலத்தை 9ஆல பெருக்கினா வேகம் "நாட்" கணக்குல (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) வரும். 35 பிஎஸ்ஐக்கு ஏறக்குறைய 98 கி.மீ., 28க்கு 88 கி.மீ. கார் டயருக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது, பூவோட ஆழமும் வடிவமும் நிறைய மாத்தும். ஆனா திசை சரி: காத்து குறைஞ்சா சீக்கிரம் மிதக்கும். மத்தியானம் நாலு மணிக்கு பெடரல் ஹைவேல மழை கொட்டுறப்ப அந்தப் பத்து கி.மீ. சின்ன விஷயமில்ல.

#9 ரப்பர்மூக்கு

மாடல் பேச்சுக்கு நான் வர்றேன். 215/45 ஆர்17ல நம்ம ஊர்ல ஓட்டுற மாதிரிக்கு மூனு கூடையாப் பிரிச்சுக்கலாம்.

முதல் கூடை, மழைக்கும் வேகத்துக்கும் நடுவுல நிக்கிற ஸ்போர்ட் டயர். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 5, கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் எம்சி7, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா அட்ரினலின் ஆர்ஈ004. உங்க ஓட்டத்துக்கு பதில் இந்தக் கூடையிலதான்.

பைலட் ஸ்போர்ட் 5ல வெளிப்பக்கமும் உள்பக்கமும் வேற வேற வேலை செய்யும். வெளித்தோள்ல (வெளி ஓரத்துல) பெரிய ரப்பர் கட்டிகள், வளைவுக்கு. உள்பக்கம் அகலமான பள்ளங்கள், தண்ணிக்கு. ஈரத்துல பிரேக் பிடிக்கிறது இதோட பலம். ஸ்டியரிங் உணர்வு பழைய பைலட் ஸ்போர்ட் 4ஐ விட ஒரு நூல் மென்மை. சிலருக்குப் பிடிக்காது, பெடரல் ஹைவே இணைப்புகள்ல முதுகுக்குப் பிடிக்கும்.

எம்சி7 ஆசிய பசிபிக் பக்கத்துக்குன்னே வந்தது. விலைக்குத் தர்ற ஈரப்பிடிமானம் நல்லா இருக்கு. ஆர்ஈ004ல பக்கச்சுவர் விறைப்பு, திருப்பினதும் மூக்கு போகும், நாலுல எனக்கு 86க்கு ரொம்பப் பொருத்தமா படுறது அதோட உணர்வுதான். ஆனா சத்தம், தேய்மானம் ரெண்டும் சேர்ந்தே வரும். அசிமெட்ரிக் 6 எல்லாத்துலயும் நடுவாந்திரம், அதைக் குறையா சொல்லல.

எனக்கு முதல் இடம் பைலட் ஸ்போர்ட் 5. விலை இடிச்சா எம்சி7. ஆர்ஈ004 மூனாவது, மழை நாள்ல மெதுவா போறவங்களுக்கு மட்டும்.

ரெண்டாவது கூடை, 200 டிரெட்வேர்: யோக்கஹாமா அட்வான் நியோவா ஏடி09, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்ஈ-71ஆர்எஸ். காய்ஞ்ச ரோட்டுல இவை வேற ஜாதி. பள்ளம் குறைவு, பூ ஆழமும் புதுசுலயே குறைவு, அதனால பாதி தேய்ஞ்சதும் மழைத் திறன் முதல் கூடையோட தேய்ஞ்ச டயரை விடக் கீழ போயிடும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் இறுகிடும்: பூ இருக்கும், பிடி இருக்காது.

மூனாவது கூடை, டோயோ ஆர்888ஆர், நான்காங் ஏஆர்-1 மாதிரி செமி ஸ்லிக் (பள்ளம் ரொம்பக் குறைஞ்ச டிராக் டயர்). டிராக்குக்கு மட்டும். அதுல மழையில வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றதை வீரம்னு நினைக்கிறவங்களுக்குச் சொல்ல ஒன்னுமில்ல.

எல்லா சீசன் டயர், எம்+எஸ் (சேறு, பனி) குறி போட்டது, யாராவது காட்டினா வேணாம். பனியே இல்லாத ஊர்ல அந்த ரப்பர் கலவைக்கும் பூ வெட்டுக்கும் வேலை இல்ல. வெயில்ல கட்டிகள் ஆடும்.

#10 பென்டர்வரை

டிரெட்வேர் 320ன்னா 200ஐ விட ஒன்னரை மடங்கு ஓடும்னு அர்த்தம்தானே? அப்ப கணக்குப் போட்டு வாங்கிடலாமே.

#11 ரப்பர்மூக்கு

இல்ல. அந்த எண் அமெரிக்க அரசு முறை. டெக்சாஸ்ல சான் ஆஞ்சலோ பக்கம் பொது ரோட்டுல 7,200 மைல் வண்டி வரிசையில ஓட்டி, ஒரு அடிப்படை டயரோட ஒப்பிட்டுத் தேய்மானம் கணிக்கிறாங்க. ஆனா எண்ணைப் போடுறது தயாரிப்பாளரேதான். ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலை ஒப்பிடலாம். கம்பெனி விட்டு கம்பெனி ஒப்பிட்டா ஏமாறுவீங்க. 200 டிரெட்வேர்க்குன்னு போட்டிப் பிரிவுகள் இருக்கு. அதுல நுழையணும்னே வேகமா தேயுற ரப்பருக்கும் 200னு குறி போட்டு விக்கிறாங்க.

#12 பத்துமலை_டிரிஃப்ட்

எல்லாரும் பிரைமசியை மட்டம் தட்டுறீங்க. டொயோட்டா தெரியாமலா போட்டான்? தலைமைப் பொறியாளர் தாதா தெட்சுயா குழு வேணும்னே சாதாரண டயர்ல இந்தக் காடிய நிக்க வெச்சது. 60-70 கி.மீ. வேகத்துலயே காடி பேசும், வால் லேசா அசையும், திருத்திக்கலாம். நல்ல டயர் போட்டா அதே உணர்வு 100 கி.மீ.க்கு மேலதான் கிடைக்கும். ரோட்டுல அந்த வேகத்துல யாருக்கு வேணும்?

#13 மழைத்தார்

சொல்றது நியாயம், நோக்கமும் அதுதான். "பிரியஸ் டயர்"னு கிண்டல் பண்றவங்களுக்கு அது புரியறதில்ல. 17 அங்குல ரிம் வர்ற டொயோட்டா பிரியஸ்லயும் இதே 215/45 ஆர்17தான், அதுல இருந்து வந்த பேரு.

ஆனா காலி கார்பார்க்ல வாலாட்டுற சுகம் வேற, லாரி தெளிக்கிற தண்ணிக்கு நடுவுல 110ல பிரேக் மிதிக்கிறது வேற. பிரைமசி எச்பி சொகுசு டயர். மோசமான டயர் இல்ல. ஈரத்துல நிறுத்துறதுல இன்னைக்கு வர்ற ஸ்போர்ட் டயர் அதை விட முன்னாடி போயிடுச்சு. தினம் கிள்ளான்ல இருந்து கோலாலம்பூர் போறவருக்கு நான் அதைத்தான் முதல்ல பார்ப்பேன்.

விளையாடணும்னா பழைய ரிம் ஒரு செட் வாங்கி, மலிவான 205/55 ஆர்16 போட்டு வெச்சுக்கலாம். விட்டம் 631.9, ஒரு சதவீதம்தான் வித்தியாசம். 16 அங்குல ரிம் முன் பிரேக் கேலிப்பரைத் தாண்டுதான்னு முதல்ல மாட்டி, கையால சுத்திப் பார்த்துடுங்க.

#14 கிள்ளான்86

சரி, பைலட் ஸ்போர்ட் 5 அல்லது எம்சி7, விலை பார்த்து. செப்பாங்குக்கும் இதே டயர்தான். அங்க என்ன கெட்டுப் போகும்?

#15 செப்பாங்_15வளைவு

வெளித்தோள்தான் கெட்டுப் போகும்.

86ல முன் கேம்பர் கம்பெனியில ஏறக்குறைய பூஜ்யம், மாத்துறதுக்கு வசதியும் இல்ல. வளைவுல உடம்பு சாய்ஞ்சதும் முன் டயர் வெளி ஓரத்துல நிக்கும். செப்பாங் நீளமான வளைவுகள் உள்ள இடம், 5ஆவது 6ஆவது வளைவுல டயர் ரொம்ப நேரம் சுமை தாங்கும். ஒரே நாள்ல வெளித்தோள் உருண்டு, ரப்பர் இழை இழையாப் பிரிஞ்சு நிக்கும். அளந்தா நடுவுல 6 மி.மீ. இருக்கும், ஓரத்துல 3. அப்படி ஆன டயரை ரிம்ல திருப்பிப் போடவும் முடியாது, ஏன்னா உள், வெளி குறி போட்ட டயர்.

மலிவான மருந்து கேம்பர் போல்ட். முன் ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கர ஹப்பைத் தாங்குற பாகம்) சேர்ற இடத்துல மேல் போல்ட்டை எடுத்துட்டு மாட்டுறது. ஒரு டிகிரிக்கு மேல கிடைக்கும். தினசரி ஓட்டத்தோட சேர்த்துன்னா -1.2லிருந்து -1.5 வரைக்கும் போதும், டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கிற அளவு) பூஜ்யம். பின்னாடி கேம்பர் மாத்த முடியாது, கம்பெனியிலயே -1.2 பக்கம் இருக்கும். பின் டோ மட்டும் மாத்தலாம், அதைக் கொஞ்சம் உள்பக்கம் வெச்சா ஈரத்துல காடி அமைதியா இருக்கும்.

கேம்பர் டயரைத் தின்னும்னு பயப்படுறாங்க. -1.5 கேம்பர் தின்னாது, தப்பான டோதான் தின்னும். டயர் மேல உள்ளங்கையை உள்ளிருந்து வெளிய, வெளிய இருந்து உள்ளன்னு தடவுங்க. ஒரு திசையில வழுக்கி, எதிர்த் திசையில ரம்பம் மாதிரி கையில அறுத்தா அது டோ. டயரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதைத் தொட்டுப் பாருங்க, கண்ணுக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரியும்.

காத்து: காலையில குளிர்ந்த டயர்ல 30 பிஎஸ்ஐ. ரெண்டு மூனு சுத்துல 4லிருந்து 6 ஏறும். சூட்டுல 34-36ல நிறுத்துங்க, மேல போனா பிட்ல இறக்குங்க. பக்கச்சுவர்ல மிஷலின் பொம்மை அல்லது சின்ன முக்கோணக் குறி இருக்கும், அங்க சாக்பீஸ் தடவி விட்டு ஓட்டிப் பாருங்க. குறியைத் தாண்டி அழிஞ்சா காத்து குறைவு, குறிக்கு முன்னாடியே நின்னா அதிகம்.

சாயங்காலம் கிளம்புறப்ப இதை மறக்குறவங்க அதிகம்: சூட்டுல இறக்கின டயர் ஆறினதும் 28-29க்கு வந்திருக்கும். அந்த நேரம் மழையும் வரும். மழைத்தார் மேல போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க. கையோட ஒரு பம்பு வெச்சு 35க்கு ஏத்திட்டு ஹைவே ஏறுங்க.

#16 ஈப்போ_போர்மன்

மேல சொன்னதோட ஒன்னு. நல்ல டயர் போட்டா பிரேக்கும் சூடாகும், இன்ஜின் ஆயிலும் சூடாகும். டிராக்ல இந்த இன்ஜின் ஆயில் 120 டிகிரியை சாதாரணமாத் தாண்டும். பிரேக் ஆயில் புதுசா, கொதிநிலை உசந்த டாட் 4 (பிரேக் ஆயில் தரம், டயர் தேதிக் குறி இல்ல) ஆக இருக்கட்டும். டயருக்குச் செலவழிச்சு பிரேக் ஆயிலையும் பேடையும் விட்டுட்டா முதல் வளைவுல பெடல் தரைக்குப் போகும்.

#17 மழைத்தார்

கடைக்குப் போறப்ப:

டயரை இறக்குறதுக்கு முன்னாடி நாலுலயும் டாட் குறி பாருங்க. அந்த நாலு எண் ஒரு பக்கச்சுவர்ல மட்டும் இருக்கும், உள்பக்கமா மாட்டிட்டா அப்புறம் படிக்க ஜாக்குல ஏத்தணும். ஒரு வருஷத்துக்கு உள்ள இருக்கட்டும், நாலும் பக்கத்துப் பக்கத்து வாரமா இருந்தா இன்னும் நல்லது. இந்த அளவு ரொம்ப ஓடாத அளவுங்கிறதால கிடங்குல கிடந்த சரக்கைத் தள்ளப் பார்ப்பாங்க. "சலுகை விலை"ன்னா முதல்ல தேதியைக் கேளுங்க.

செகண்ட் ஹேண்ட் செமி ஸ்லிக் வெள்ளி கம்மியா கிடைக்குதுன்னு மயங்காதீங்க. எத்தனை தடவை சூடாச்சுன்னு பார்த்துச் சொல்ல யாராலயும் முடியாது. உள்பக்கம் ஒட்டுப் போட்டிருந்தாலும் ரிம்ல ஏறினதுக்கு அப்புறம் தெரியாது.

மாட்டினதும் நாலு சக்கரத்தையும் ஒரு சுத்து சுத்தி வந்து பாருங்க. வெளிய தெரியற பக்கம் நாலுலயும் "வெளிப்பக்கம்"ங்கிற குறி இருக்கணும். அவசரத்துல ஒன்னை மாத்திப் போடுறது அடிக்கடி நடக்குது. அகலப் பள்ளம் வெளிப்பக்கம் போயிட்டா டயரோட வேலையே தலைகீழ்.

டயர்ல மஞ்சள் புள்ளி இருந்தா அது லேசான இடம், வால்வுக்கு நேரா வெச்சா பேலன்ஸ் எடை குறைவாப் பிடிக்கும். சிவப்புப் புள்ளி உசந்த இடம். ரெண்டும் இருந்தா கடைக்காரர் எதை வைக்கிறார்னு கேளுங்க, பதில்ல இருந்தே கடையைத் தெரிஞ்சுக்கலாம். ரப்பர் வால்வு நாலும் புதுசு. எடை உள்பக்கம் ஒட்டுற வகை. சுத்தி வெச்சு அடிக்கிறது ரிம் ஓரத்தைக் கெடுக்கும். ஹப் முகத்துல துரு, மண் இருந்தா கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்ச பிறகு மாட்டணும்.

முதல் 200-300 கி.மீ. வரைக்கும், தொழிற்சாலையில வார்ப்பு அச்சுல இருந்து டயரைக் கழட்டப் பூசின வழுக்குப் பூச்சு மேல இருக்கும், ஈரத்துல வழுக்கும். அதுக்குள்ள காராக் வளைவுல சோதிக்க வேணாம்.

#18 கிள்ளான்86

எல்லாம் குறிச்சிக்கிட்டேன். கேம்பர் போல்ட்டும் அலைன்மென்ட்டும் டயர் மாத்துற அன்னைக்கேவா, இல்ல டயர் ஓடி அமர்ந்ததுக்கு அப்புறமா? அதோட பஞ்சர் ஆனா ஒட்டலாமா, இல்ல டயரையே மாத்தணுமா?

#19 செப்பாங்_15வளைவு

அன்னைக்கே. தப்பான டோவுல 1,000 கி.மீ. ஓடினா புது டயர்ல பல் விழுந்துடும், அப்புறம் திருத்தினாலும் சத்தம் போகாது. முதல்ல கேம்பர் போல்ட், அப்புறம் டோ. கேம்பரைத் தொட்டாலே டோ மாறும், வரிசையை மாத்தினா ரெண்டு தடவை காசு. டேங்க்ல பாதி எண்ணெய், காத்து 35, ஓட்டுறவர் எடைக்கு சீட்ல ஏதாவது மூட்டை. பிரிண்ட் வாங்கி வெச்சுக்குங்க. முன் ரெண்டு பக்கக் கேம்பரும் 0.2 டிகிரிக்கு மேல வித்தியாசப்பட்டா திருப்பி அனுப்புங்க.

#20 ஈப்போ_போர்மன்

பஞ்சர் பூ நடுவுல, 6 மி.மீ.க்கு உள்ள இருந்தா டயரைக் கழட்டி உள்ள இருந்து காளான் பிளக் போடலாம். வெளிய இருந்து குத்துற புழு மாதிரி ரப்பர் வீடு வந்து சேர்றதுக்கு மட்டும். தோள்லயும் பக்கச்சுவர்லயும் ஆணி ஏறினா ஒட்டக் கூடாது. ஒட்டின டயர் ரோட்டுக்குச் சரி, அதோட செப்பாங் வேணாம்.

காத்தில்லாம கொஞ்ச தூரம் உருட்டியிருந்தா உள்பக்கம் பாருங்க. பக்கச்சுவர் உள்ளே கறுப்புப் பொடி உதிர்ந்து கிடந்தா நார் அடிபட்டுடுச்சு. ஓட்டை சின்னதா இருந்தாலும் அந்த டயர் முடிஞ்சது.